மலைக்குப் போன பள்ளிக்கூடப் பை

பை வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்கள் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்குத் தினமும் பஸ்ஸில் போய், அங்கே ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்பி வருகிறவள் நான். வருடத்தில் பாதி நாள் நின்றுகொண்டேதான் பயணம். அதனால் கடையில் ஒரு பையைக் கண்டால் அதன் நிறம் என் கண்ணில் படுவதே இல்லை. உள்ளே கையை விட்டு, தோள்பட்டி எந்த இடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது, ஒற்றைத் தையலா இரட்டைத் தையலா, தையலுக்குப் பின்னால் துணி மடித்து வைத்திருக்கிறார்களா என்று நோண்டுவேன். சிப்பை நாலு தரம் இழுத்து மூடுவேன். வெறும் பையைக் கையில் தூக்கிப் பார்த்து, காலியாக இருக்கும்போதே இந்தக் கனமா என்று முகத்தைச் சுளிப்பேன். கடைக்காரருக்குப் பொறுமை போய், கூட வந்தவளுக்கு மானமும் போன பிறகுதான் அந்தக் கடையை விட்டு வெளியே வருவேன்.

போன மாதம் அப்படி ஒரு கடையிலிருந்து வெளியே வந்ததும் அலுவலகச் சிநேகிதி கேட்டாள், "இதெல்லாம் யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு தடவை நன்றாக மானம் போனதில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுக்கிறவள், அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் நான் தேறிவிட்டேன். தை மாதம் முதல் ஹட்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டு. விடிய முன்னே எழும்பி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கி, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மணி அடிக்கும் முன் போய்ச் சேரலாம். லயமே என்னைத் தூக்கிக் கொண்டாடியது. கொண்டாடாத ஒரே ஆள் அம்மா. அவளுக்குக் கவலைப்படவே நேரம் போதவில்லை.

காரணம் இருந்தது. எனக்கு முன்னே எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். மூன்று பேருமே பாதியில் நின்றுவிட்டார்கள். ஒருவனுக்குச் சப்பாத்தின் அடி பிரிந்து போனது, வேறு வாங்கும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று நிறுத்தினார்கள், இருந்தவன் இருந்தவன்தான். இன்னொருத்திக்குக் குடை இல்லை, மழைக்காலம் முழுக்க நனைந்து காய்ச்சலில் விழுந்து, எழும்பின பிறகு போகவில்லை. மூன்றாமவளுக்கு பஸ்ஸில் பைப் பட்டி அறுந்து, புத்தகமெல்லாம் சனங்களின் காலுக்குள் சிதறிவிட்டது. பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்போது அவள் என் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கஷ்டம், வறுமை என்று சொல்கிற இடத்தில் அம்மா சப்பாத்து, குடை, பை என்று சொல்வாள். சப்பாத்தும் குடையும் வாங்கியாயிற்று. பைதான் பாக்கி.

எனக்கோ வேறொரு பயம். டவுன் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்ததும் தோட்டத்துப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடக் கூடாது. என் பேச்சை மறைக்க முடியாது, வாயைத் திறக்காமல் இருக்கலாம். என் காலில் ஒட்டும் செம்மண்ணை பஸ் நிலையத்துக் குழாயில் கழுவிவிடலாம். முதுகில் மட்டும் டவுன் பிள்ளைகள் போடுவது போன்ற ஒரு பை தொங்கினால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. பத்து வயதில் எனக்கு அவ்வளவு அறிவு.

கிறிஸ்து பிறப்பு, நத்தார் லீவுக்கு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, கொழும்பில் துணிக்கடையில் வேலை. டவுன் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்துக்கும் எங்கள் குடும்பத்தில் அவர்தான் நீதிபதி. நத்தார் முடிந்த மூன்றாம் நாள் அம்மா, மாமா, நான் மூவரும் ஹட்டன் கடைத்தெருவுக்குப் போனோம். பள்ளிக்கூடம் திறக்கிற காலம் என்பதால் ஒவ்வொரு கடை வாசலிலும் கயிறு கட்டி வாழைக்குலை மாதிரிப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாமா தெரிந்த கடை ஒன்றுக்குள் எங்களை அழைத்துப் போனார். அந்த முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பு அரை மணி நேரம் தாங்கியது.

மாமா எடுத்தது ஒற்றைப் பட்டிப் பை, குறுக்காக மாட்டி இடுப்பில் தொங்கவிடுவது. "இப்ப கொழும்புல ஆபீசு போறவங்க எல்லாம் இதுதான் மாட்டுறாங்க, அக்கா. கையை விட்டா டிக்கெட்டை எடுத்துரலாம்" என்றார்.

அம்மா அதை வாங்கித் தன் தோளில் மாட்டினாள். கடைக்குள்ளேயே நாலு அடி நடந்தாள். "ஆபீசுக்காரங்க ஒரு கடுதாசியும் ஒரு பேனாவும் கொண்டு போவாங்க. இவ ஏழு பொஸ்தகம் கொண்டு போகணும். தெனமும் ஒத்தத் தோள்ல மாட்டுனா புள்ள ஒரு பக்கமா கோணிப் போயிரும்" என்று திருப்பிக் கொடுத்தாள். மாமாவின் நீதிமன்றம் அன்றைக்கு அத்துடன் கலைந்தது.

அம்மா எடுத்தது கறுப்புப் பை. தடித்த துணி, தடித்த பட்டி, தடித்த சிப். எலெக்ட்ரீசியன்மார் சாமான் போட்டுக்கொண்டு போவதற்குத் தைத்த மாதிரி இருந்தது. நான் எடுத்தது ஊதாப் பை. ஊதாவிலே இரண்டு விதமான ஊதா, முன்னால் வெள்ளிப் பூ, பக்கத்தில் தண்ணிப் போத்தல் வைக்க வலைப் பை. ஒரு டவுன் பிள்ளை அதே பையுடன் போவதை நான் பஸ் நிலையத்தில் என் கண்ணால் பார்த்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அம்மா இரண்டையும் மேஜையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் கேட்டாள், "மொதலாளி, வெறும் பை எவ்வளவு எடைங்க?"

அவருக்கு விளங்கவில்லை. பை விற்கிற கடையில் இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம். அம்மாவைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். மலையில் கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு தடவையும் பை எடை என்று கழித்துக்கொள்வார்கள். அம்மா இருபது வருடமாகத் தான் சுமந்த பாரத்தில் பை எவ்வளவு, கொழுந்து எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே பழகியவள். பையின் எடை தெரியாமல் பை வாங்குவது அவளுக்கு மாப்பிள்ளையைப் பார்க்காமல் பெண் கொடுப்பது போல.

முதலாளியிடம் தராசு இல்லை. அம்மா சளைக்கவில்லை. இரண்டு பைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போனாள். அரிசி நிறுத்துக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, இத ஒரு நிறுவ நிறுத்துக் குடுப்பா" என்று நீட்டினாள். அரிசி வாங்க நின்ற ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு தாயும், என் வயதில் முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்ட ஒரு மகளும். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் தராசு என் பக்கம் இருந்தது. ஊதாப் பை கறுப்புப் பையின் எடையில் பாதிகூட இல்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது, தான் கேட்ட கேள்வியே தன்னை மாட்டிவிட்டது என்று தெரிந்துகொண்டாள். இருந்தாலும் கடைசி முயற்சியாகக் கடைக்குத் திரும்பி வந்து, ஊதாப் பைக்குள் முதலாளியின் தடித்த கணக்குப் புத்தகங்கள் நாலைந்தைக் கேட்டு வாங்கிப் போட்டு, பட்டியைத் தலையில் மாட்டினாள். கொழுந்துப் பையின் கயிற்றை மாட்டுகிற அதே இடத்தில், உச்சந்தலைக்குச் சற்று முன்னால். பையை முதுகில் விட்டுக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். மாமா வீதியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷமே செத்துப்போகலாம் போல இருந்தது.

"பட்டி தையல் சரியில்லங்க" என்றாள் அம்மா, பையைத் தலையிலிருந்து எடுத்து.

"ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நான் பொறுப்பு."

"ஒரு வருஷம் பத்தாதுங்க மொதலாளி. அவ எட்டு வருஷம் போகணும்."

முதலாளி மாமாவைப் பார்த்தார், மாமா என்னைப் பார்த்தார், நான் அழ ஆரம்பித்தேன். சத்தமில்லாமல் மூக்கு மட்டும் உறிஞ்சுகிற அழுகை, அம்மாவால் தாங்க முடியாதது என்று எனக்கு நன்றாகத் தெரிந்த அழுகை. ஊதாப் பை என் கைக்கு வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிப் பூவைத் தடவினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோள்பட்டியின் தையலை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கூடம் திறக்க முந்திய ஞாயிற்றுக்கிழமை. காலையில் பூசைக்குப் புறப்படும்போது அம்மா தலையிடி என்றாள். நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள், அம்மா காய்ச்சலோடும் கோயிலுக்குப் போகிறவள். அப்பா ஒரு தரம் அவளைப் பார்த்தார். அப்பாவும் நானும் இறங்கிப் போனோம். பூசை முழுக்க நான் முழங்காலில் இருந்து, ஊதாப் பைக்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன். கறுப்புப் பையிலிருந்து காப்பாற்றியதற்குத் தனியாக ஒரு நன்றி.

திரும்பி வந்து, முதல் வேலையாகத் தகரப் பெட்டியைத் திறந்தேன். பை இல்லை. அம்மாவும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்கம்மா கைக்காசுக்குப் போயிட்டா. முதுகுல என்னமோ ஊதாக் கலர்ல மாட்டிக்கிட்டுப் போனா" என்றார்.

கைக்காசு என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் விரும்பினவர்கள் போய், எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்து அன்றைக்கே சம்பளம் வாங்குவது. அதற்கு யாரும் புதுப் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போவதில்லை. நான் கோயில் சட்டையோடு, புதுச் சப்பாத்தோடு மலைக்கு ஓடினேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவம் எங்கள் லயத்துக்கு மேலே, இரண்டு வளைவு தாண்டி இருந்தது. தகரக் கூரை, நடுவில் தொங்கும் தராசு, பக்கத்தில் சிட்டையோடு கணக்கப்பிள்ளை. நான் போய்ச் சேரும்போது பத்துப் பதினைந்து பெண்கள் பாரத்தோடு வரிசையில் நின்றார்கள். நடுவில் அம்மா. இடுப்பில் எப்போதும்போல, செடி ஈரம் படாமலிருக்க முரட்டுத் துணிப் படங்கு கட்டியிருந்தாள், தலையில் ஊதாப் பட்டி, முதுகில் ஊதாப் பை. கொழுந்தை அமுக்கி அமுக்கித் திணித்திருந்ததில் பை வயிறு வீங்கிய பன்றிக்குட்டி போல இருந்தது. சிப் மூடவில்லை. ஈரக் கொழுந்து மேலே பிதுங்கிக்கொண்டு நின்றது. வெள்ளிப் பூவின் மேல் கொழுந்துச் சாறு கறுப்பாக இறங்கியிருந்தது.

"என்னாக்கா, இனி நீங்களும் பள்ளிக்கூடம் போறீங்களா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது.

அம்மாவும் சிரித்தாள். "புள்ளைக்குக் குடுக்க முன்னாடி ஒரு நாள் வேலைக்கு அனுப்பிப் பாக்குறேன் ஐயா. இதுல பை எடை கழிக்காதீங்க, சொல்லிட்டேன். கடையில நிறுத்துப் பாத்துட்டேன், அரைக் கிலோகூட இல்ல."

"அதெல்லாம் எல்லாருக்கும் ஒரே கழிவுதான்."

"ஏன், இது என்னா சாக்கா? நீங்களே தூக்கிப் பாருங்க."

இப்படி இருவரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டே பையின் ஒரு பட்டியைத் தராசுக் கொக்கியில் மாட்டினார்கள். முள் அசைந்தது. கணக்கப்பிள்ளை எண்ணைப் பார்க்கக் குனிந்தார். அப்போது பட்டியின் மேல் தையல் பறபறவென்று பிரிந்தது. பை ஒரு பக்கமாகச் சரிந்து கீழே விழுந்து, கொழுந்தெல்லாம் சீமெந்துத் தரையில் கொட்டியது.

பெண்கள் சட்டென்று குனிந்து கொழுந்தைக் கூட்டி அள்ளினார்கள். அம்மா மட்டும் பையை எடுத்து, பிரிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் துளி வருத்தம் இல்லை. "பாத்தீங்களா, நான் சொன்ன எடத்துலயே" என்று பக்கத்தில் நின்றவளிடம் காட்டினாள். "இன்னைக்குப் பிஞ்சது நல்லதாப் போச்சு. பஸ்சுல பிஞ்சிருந்தா?"

அந்த நேரம்தான் என்னைப் பார்த்தாள்.

எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. பை போச்சு. டவுன் பிள்ளை போச்சு. பச்சை நாற்றம் பிடித்த ஒரு கிழிந்த சாக்கு அங்கே கிடந்தது. பக்கத்தில் நிற்கிற பெண்கள், கணக்கப்பிள்ளை, யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஒனக்கு என்னா பைத்தியமா? நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் பை. நான் ஒன்னய மாதிரி கொழுந்து சொமக்கப் போறதில்ல" என்றேன்.

 கொழுந்து அள்ளிக்கொண்டிருந்த கைகள் நின்றன. கணக்கப்பிள்ளை சிட்டையில் எதையோ எழுதத் தொடங்கினார், எழுதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பெண்கள் எல்லாரும் கொழுந்து சுமக்கிறவர்கள். ஒரே வார்த்தையில் அத்தனை பேரையும் நான் அடித்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது, ஆனால் புரிந்தபோது வார்த்தை வெளியே போய்விட்டிருந்தது. அம்மா எழும்பி வந்து கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்று நான் தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். வைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தாள்.

"கொழுந்த மிதிக்காத, தள்ளி நில்லு" என்றாள். குனிந்து அள்ளத் தொடங்கினாள்.

அன்று மத்தியானம் விஷயம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா அதிகம் பேசாத மனிதர். "போயி அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு" என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவில்லை. பையைக் கெடுத்தவள் அவள், மன்னிப்பு நானா கேட்பது? சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அம்மா பையை மூன்று தண்ணீரில் அலசினாள். சவர்க்காரம் போட்டாள், எலுமிச்சங்காய் தேய்த்தாள். கொழுந்துக் கறை ஒருமுறை பிடித்தால் போகாது, அது அவளுக்கும் தெரியும். வெள்ளிப் பூ மண் நிறமானது. பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, சாக்குத் தைக்கிற கோணி ஊசியை எடுத்தாள். உரப் பையிலிருந்து நைலோன் நூலை உருவி, இரண்டாக முறுக்கி மெழுகு தேய்த்தாள். பட்டிக்குப் பின்னால் படங்குத் துண்டை மடித்து வைத்து, சதுரமாக ஒரு சுற்று, சதுரத்துக்குள் குறுக்காக இரண்டு கோடு என்று தைத்தாள். பிய்ந்த பட்டியோடு நிறுத்தவில்லை, பிய்யாத பட்டியையும் பிரித்து அப்படியே தைத்தாள். ஊதாத் துணியில் வெள்ளை நூல், நாலு விரல் அகலத்துக்கு. தூரத்திலிருந்தே தெரியும். அந்தத் தையலை இழுத்துப் பார்க்க அப்பாவைக் கூப்பிட்டாள், அப்பா காலை ஊன்றி இழுத்தும் அது அசையவில்லை.

தையல் முடிந்ததும் அம்மா வேறொரு வேலையைத் தொடங்கினாள். அதுதான் என்னை உண்மையாகவே கொன்றது. நான் சொன்ன வார்த்தையை ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினாள்.

முதலில் பக்கத்து வீட்டு அத்தையிடம். நடுச்சுவர் மெல்லியது, எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "என்னா சொன்னா தெரியுமா? ஒன்னய மாதிரி கொழுந்து சொமக்கப் போறதில்லன்னு சொல்லிட்டா. அத்தன பேரு முன்னாடி, கணக்கப்புள்ள முன்னாடி." பிறகு மாமா கொழும்பிலிருந்து போன் எடுத்தபோது, சுகம்கூடக் கேட்காமல் அதையே சொன்னாள். அடுத்த நாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது நாலு பேரிடம் சொன்னாள். ரொட்டி தட்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், என் குரலை வைத்தே சொன்னாள்.

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "அப்புடித்தான் சொல்லணும்" என்றாள். பட்டி அறுந்து பள்ளிக்கூடத்தை விட்டாளே, அந்த அக்காகூட வழியில் என்னை நிறுத்தி, "ஒங்கம்மா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, என் தலைமயிரை ஒதுக்கிவிட்டுப் போனாள். அத்தனையும் குத்தல் என்றே எடுத்துக்கொண்டேன். அடிக்க மனமில்லாமல் அம்மா என்னைச் சபையில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்துகிறாள், நான் மன்னிப்புக் கேட்கும்வரை இதை நிறுத்தமாட்டாள் என்று நினைத்தேன். அதனால் கேட்கவே கூடாது என்று இன்னும் இறுகிக்கொண்டேன். நாலு நாள் அம்மாவோடு நான் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. அப்பாவுக்குக் காலை வேலை, வாசலிலேயே நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். அம்மாவும் நானும் ரோட்டுக்கு இறங்கினோம். பனி இறங்கித் தேயிலைச் செடியெல்லாம் நனைந்திருந்தது. அம்மா மலைக்குப் போகிற உடுப்பிலேயே வந்தாள், என்னை பஸ் ஏற்றிவிட்டு அப்படியே வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் துணி, கையில் கொழுந்துப் பை. டவுனுக்குப் போகிற பஸ் அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்குமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தடி முன்னால் நடந்தேன். என் பையை அவள் சுமக்க வரவில்லை. பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை, "பட்டி வெட்டுதா?" என்று கேட்டாள். வெட்டவில்லை. உள்ளே படங்குத் துண்டு மெத்தென்று இருந்தது. நான் நடையை இன்னும் எட்டிப் போட்டேன்.

பஸ் வந்து நின்றது. உள்ளே மரக்கறிக் கூடைகளும் ஆட்களுமாக நிறைந்திருந்தது. எனக்கு முன்னே நாலைந்து வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் ஒரு சிங்கள ஆள், நடுவயது, பல்லுக்குள் ஏதோ மென்றுகொண்டிருந்தார். நான் ஏறி உள்ளே ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அதற்குள் அம்மா கீழே நின்றபடியே மிதிபலகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்குச் சிங்களம் கடையில் சாமான் கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காமலே, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மகே துவ. தே தளு கடன்னே நே."

என் மகள், தேயிலைக் கொழுந்து எடுக்க மாட்டாள்.

கண்டக்டர் மெல்லுவதை நிறுத்தினார். அம்மாவின் படங்கைப் பார்த்தார், பிறகு என்னையும் என் முதுகில் இருந்த வெள்ளைத் தையலையும் பார்த்தார். "ஹொந்தய் அம்மே" என்றார், நல்லது அம்மா என்று. முன் ஆசனத்தில் இருந்த மரக்கறிக் கூடையைத் தூக்கிக் கீழே வைத்து, என்னை அங்கே உட்காரச் சொன்னார். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்க முன்னாலேயே நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

நாலு நாளாகத் தமிழில் என்னைத் தூற்றினது போதாமல், இப்போது சிங்களத்திலும் தூற்றுகிறாளே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இருபது வருடமாகத் தலையில் கயிறு மாட்டிய ஒருத்தி, தன் வாழ்நாளில் முதன்முதலாகப் பெருமையடித்துக்கொண்டு திரிகிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வார்த்தையை வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கவேண்டும் என்றுதான் அவள் அத்தனை வருடமும் காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பஸ் புறப்பட்டது. அம்மா நின்ற பக்கம் என் இடது கைப் பக்கம். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வலது பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.